சேரும் தேதியைச் சற்றுத் தள்ளிக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலை மாறுவோருக்கான யோசனைகளாகத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஒரு வரி விடாமல் படித்தேன். சம்பளத்தை எப்படிப் பேசி முடிப்பது, நோட்டீஸ் காலத்தில் எப்படி நடந்துகொள்வது, புதிய இடத்தில் முதல் சில மாதங்கள் எதில் கவனம் வைப்பது என்று பயனுள்ள செய்திகள் பல இருந்தன. ஆனால், வெள்ளிக்கிழமை ஓரிடத்தில் விடுபட்டால் திங்கட்கிழமை அடுத்த இடத்தில் சேர்ந்துவிட வேண்டும், நடுவில் ஒரு நாள் விட்டாலும் நட்டம் என்ற யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. அதை மறுத்தே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் கணக்குத் துறையில் இருப்பவள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பேரேடு எழுதும் உதவியாளராகத் தொடங்கி, நிறுவனங்கள் மாறி, இன்று ஒரு சிறிய கணக்குப் பிரிவைப் பொறுப்பேற்று நடத்துகிறேன். வேலை மாறுவதை நான் குறை சொல்லவில்லை. மாறியதால்தான் எங்கள் வீட்டுக் கடன் அடைந்தது, மகன் விரும்பியதைப் படித்தான். நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவே சில நாட்களைக் கேட்டு வாங்குங்கள். அந்த நாட்களில் உங்கள் மனிதர்களைப் பார்க்கப் போங்கள். மலையும் கடலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வேலையில் இருக்கும்போது விடுப்பு எடுத்துப் போகலாமே என்று கேட்பார்கள். எங்கள் தொழிலில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதத்தில் விடுப்பு என்ற பேச்சே எழாது. அது முடிந்தால் தணிக்கையாளர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். தணிக்கை முடிந்தால் வரிக் கணக்கு. தப்பித் தவறி விடுப்பில் போனாலும், போன வாரம் அனுப்பிய கோப்பு எங்கே, அந்தப் பற்றுச்சீட்டில் கையெழுத்து யாருடையது என்று அழைப்பு வந்துகொண்டே இருக்கும். இரண்டு வேலைகளுக்கு நடுவே வரும் நாட்களோ முழுக்க நம்முடையவை. பழைய நிறுவனம் சாவியையும் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டிருக்கும். புதிய நிறுவனம் இன்னும் எதையும் கொடுத்திருக்காது. யாருக்கும் நம்மைக் கூப்பிடும் உரிமை இல்லாத நாட்கள் உழைக்கும் ஒருவரின் வாழ்வில் மிக அரிதாகவே கிடைக்கின்றன. அவற்றையும் நாமே விரும்பிக் கை நழுவ விடுகிறோம்.

எனக்கு அந்த இடைவெளி முதன்முதலில் கிடைத்தது இரண்டாவது வேலையிலிருந்து மூன்றாவது வேலைக்குப் போனபோது. புதிய நிறுவனத்தின் மேலாளர், “உடனே சேர முடியுமா?” என்று கேட்டார். “அப்பாவை அழைத்துக்கொண்டு ஒரு பயணம் போக வேண்டியிருக்கிறது. அதை முடித்துவிட்டு வருகிறேன். வந்த பிறகு ஆண்டுக் கணக்கு முடியும்வரை விடுப்புக் கேட்க மாட்டேன்” என்றேன். அவர் மேசை நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தார். தேதியை மாற்றிப் பணி நியமனக் கடிதத்தை மறுபடி அச்சிடச் சொன்னார். வேறு எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

அப்பா பணி ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அவரோடு ஒரே அறையில் வேலை பார்த்த நண்பர் ஒருவர், இடமாற்றலாகி வெகு தொலைவு போனவர், அங்கேயே தங்கிவிட்டார். மாதம் ஒரு கடிதமாக இருந்தது ஆண்டுக்கு ஒன்றாகி, பிறகு எப்போதாவது வரும் தொலைபேசி அழைப்பாக அந்த நட்பு மெலிந்திருந்தது. அம்மா மறைந்த பிறகு அப்பா பேச்சைக் குறைத்துக்கொண்டுவிட்டார். கேட்டால் பதில் வரும். தானாக எதையும் சொல்ல மாட்டார். அந்த நண்பரின் பெயரைச் சொன்னால் மட்டும் முகம் மலரும். அவரைப் பார்க்கத்தான் நாங்கள் புறப்பட்டோம்.

ரயிலில் ஓர் இரவும் ஒரு பகலும். அப்பா சன்னலோரம், நான் எதிரில். விளக்கை அணைத்த பிறகும் அவருக்குத் தூக்கம் வரவில்லை. இருட்டில் மெல்லப் பேச ஆரம்பித்தார். நான் பள்ளி இறுதித் தேர்வு எழுதவிருந்த ஆண்டில், வேறோர் ஊரில் அவருக்கு இதைவிடப் பெரிய பதவி வந்ததாம். என் படிப்பு நடுவில் கெட்டுவிடக் கூடாது என்று வேண்டாம் என எழுதிக் கொடுத்துவிட்டாராம். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லையாம். “சொல்லியிருந்தால் அவள் போகச் சொல்லியிருப்பாள். அதனால்தான் சொல்லவில்லை” என்றார். நான் இருக்கையைவிட்டு எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஒரே கூரையின் கீழ் அத்தனை ஆண்டுகள் இருந்தும் வெளியே வராத செய்தி அது. வீட்டில் எப்போதும் எழுந்து செய்ய ஒரு வேலை இருக்கிறது. ஒருவர் பேசத் தொடங்கும்போதே மற்றவர் அடுத்த அறைக்குப் போய்விடுகிறோம். ரயிலில் போவதற்கு அடுத்த அறை இல்லை.

நண்பரின் வீட்டில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல அனுமதியுங்கள். அவருக்குக் காது மந்தமாகியிருந்தது. முதல் அரை மணி நேரம் இருவருக்கும் பேச்சு ஓடவில்லை. உடம்பு எப்படி, பிள்ளைகள் எங்கே என்று கேட்டு முடித்ததும் அப்பா கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அந்த நண்பர் சுவரில் இருந்த மாத நாட்காட்டியிலிருந்து பழைய தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு பெரிய கட்டம் போட்டார். அவர்கள் இருவரும் வேலை பார்த்த அறை அது. கதவு இங்கே, தட்டச்சர் மேசை இங்கே என்று சிறு சிறு கட்டங்களாக வரைந்துகொண்டே போனார். அப்பா எட்டிப் பார்த்தார். “சன்னலோரம் இருந்தது உன் மேசை. எனக்கு வெயிலே படாத மூலை” என்று பென்சிலைப் பிடுங்கித் திருத்தினார். பதிவேட்டு அலமாரி இரண்டா, மூன்றா என்று பெரிய வாக்குவாதம். கடிகாரம் எந்தச் சுவரில் இருந்தது என்பதில் இருவரும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் அங்கே உட்கார்ந்தவரின் முதலெழுத்தைப் போட்டார்கள். இறந்துபோனவர்களின் எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. அப்பாவுக்குத் தெரியாத சில புள்ளிகளை நண்பர் வைத்தார். நண்பருக்குத் தெரியாதவற்றை அப்பா வைத்தார். ஒருவர் போன செய்தியை அந்தப் புள்ளியில்தான் மற்றவர் அறிந்தார். பென்சிலை மேசையில் வைத்துவிட்டுச் சிறிது நேரம் இருவரும் சும்மா இருந்தார்கள். பிறகு யாரோ ஒரு மேலதிகாரியின் நடையைப் பற்றி அப்பா ஏதோ சொல்ல, இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். அம்மா மறைந்த பிறகு அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

திரும்பும் வழியில், என் முதல் வேலையில் எனக்குத் தொழில் கற்றுத்தந்த அக்காவைப் பார்க்கப் போனோம். வங்கிக் கணக்கோடு நம் கணக்கை ஒப்பிட்டுச் சரிபார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஒரு தொகை இடித்தால், “வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார். மீதியில்லாமல் வகுபட்டால் எங்கேயோ இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்கலாம்” என்பார். 54 என்பதை 45 என்று எழுதினால் வித்தியாசம் 9. 82 என்பதை 28 என்று எழுதினால் 54. இந்த உபாயத்தை இன்றும் என்னிடம் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த அக்கா சில மாதங்களாக எனக்கு எழுத்தில் செய்தி அனுப்புவதையே நிறுத்தியிருந்தார். எல்லாம் குரல் பதிவுகள்தான். நலமா என்றால் நலம். மகள் எப்படி என்றால் நன்றாக இருக்கிறாள். நேரில் போய் உட்கார்ந்தபோதுதான் கண்டேன், அவருடைய வலது கை நிற்காமல் நடுங்கிக்கொண்டிருந்தது. அச்சுக் கோத்தாற்போல எண்களை எழுதிய கை அது. நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். “மறைக்க வேண்டும் என்று இல்லை. தொலைபேசியில் எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை” என்றார். அன்று மாலை அவருடைய மருத்துவச் சீட்டுகளையும் காப்பீட்டுத் தாள்களையும் தேதிவாரியாக அடுக்கி, நிலுவையில் இருந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். கணக்குத் தெரிந்தவளால் செய்ய முடிந்த உதவி அது. தொலைபேசியில் பேசிக்கொண்டே இருந்திருந்தால் அதைச் செய்திருக்க முடியாது.

நட்புக்கு நேரில் பார்க்க வேண்டுமா என்று கேட்பவர்கள் பிசிராந்தையாரைச் சொல்வார்கள். கோப்பெருஞ்சோழனை ஒருமுறைகூடக் காணாமலே அவனுக்கு நண்பராக இருந்தவர். உண்மைதான். ஆனால் மன்னன் வடக்கிருந்தபோது அவர் வீட்டிலிருந்தபடி வருந்தவில்லை. பாண்டிய நாட்டிலிருந்து புறப்பட்டு வந்தார். வருவார் என்று நம்பி மன்னன் அவருக்கென ஓர் இடத்தையும் ஒதுக்கி வைத்திருந்தான். காணாத நட்பே ஒருநாள் கிளம்பி வந்துவிட்டது. ஒரே அறையில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து, ஒருவர் தவறை ஒருவர் திருத்தி வளர்ந்த நாம் ஒரு டிக்கெட் எடுக்கத் தயங்குகிறோம்.

எண்களோடு வாழ்கிறவள் என்பதால் இதைப் பற்றி ஆராய்ந்தவர்களின் எண்களையும் தேடிப் படித்தேன். 1967இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ரே என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், வாழ்வில் வரும் மாற்றங்கள் மனிதரை எவ்வளவு அலைக்கழிக்கின்றன என்று 43 நிகழ்வுகளுக்கு மதிப்பெண் போட்டுப் பட்டியல் வெளியிட்டார்கள். திருமணத்துக்கு 50. வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100. அதில் நெருங்கிய நண்பரின் மரணத்துக்கு 37. அதற்கு அடுத்த இடத்திலேயே வேறு வகை வேலைக்கு மாறுவது, 36. இரண்டும் ஒரே அளவு துயரம் என்று அந்தப் பட்டியல் சொல்லவில்லை. அது கணக்கிட்டது, பழகிய வாழ்வைத் திருத்தி அமைத்துக்கொள்ள எவ்வளவு உழைக்க வேண்டும் என்பதை. அப்படியிருக்க, ஒரு துக்கத்துக்கு விடுப்புத் தரும் நாம் வேலை மாற்றத்துக்குச் சனியும் ஞாயிறும் போதும் என்று எப்படி நினைக்கிறோம்?

என்னை இன்னும் யோசிக்க வைத்தது 2018இல் வந்த ஓர் ஆய்வு. கன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால், அண்மையில் இடம் பெயர்ந்து புதிய நட்பைத் தேடிக்கொண்டிருந்தவர்களிடமும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களிடமும் கேட்டு எழுதியது. முகமறிந்த ஒருவர் சாதாரண நண்பராவதற்கு ஏறக்குறைய 50 மணி நேரம் ஒன்றாகக் கழிக்க வேண்டியிருக்கிறது. நண்பர் என்றே சொல்ல 90 மணி நேரம். நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். ஒன்றாக வேலை பார்க்கும் நேரம் இதில் அவ்வளவாகச் சேர்வதில்லை என்பதையும் அந்த ஆய்வு கண்டது. வேலைக்கு வெளியே, தானாக விரும்பிச் சேர்ந்திருக்கும் நேரமே நட்பை இறுக்குகிறது. அலுவலகத்தில் எத்தனையோ ஆண்டுகள் பக்கத்து நாற்காலியில் இருந்தவர்கள் நாம் விடைபெற்ற ஆறே மாதத்தில் அந்நியராகிப் போவது ஏன் என்பதற்கு எனக்கு அதில் விடை கிடைத்தது. வேலை என்ற காரணம் போன பிறகும் ஒருவர் தேடி வந்தார் என்றால், அந்த ஒரு வருகையின் எடை வேறு. அந்த அக்காவோடு நான் ஒரே அறையில் ஆண்டுக்கணக்கில் இருந்திருக்கிறேன். அவர் வீட்டுத் திண்ணையில் கழித்த அந்த ஒரு மாலைக்குப் பிறகுதான் அவர் தம் வீட்டு விஷயங்களை என்னிடம் சொல்லத் தொடங்கினார்.

பயன் கருதுகிறவர்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் எழுதிய கட்டுரை ஒன்றில், தெரிந்தவர்கள் வழியாக வேலை பெற்றவர்களைக் கேட்டபோது, அந்த ‘தெரிந்தவரை’ அடிக்கடி சந்தித்து வந்ததாகச் சொன்னவர்கள் 16.7 விழுக்காடு மட்டுமே. எப்போதாவது சந்தித்தோம் என்றவர்கள் 55.6 விழுக்காடு, அரிதாகத்தான் பார்ப்போம் என்றவர்கள் 27.8 விழுக்காடு. நம் பக்கத்திலேயே இருப்பவர்களுக்குத் தெரிந்த செய்தி நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். தள்ளிப் போனவர்களிடமிருந்துதான் புதிய செய்தி வரும் என்பது அவர் விளக்கம். வேலை கிடைக்கும் என்பதற்காக நண்பரைப் பார்க்கப் போகச் சொல்லவில்லை. அப்படிப் போனால் எதிரில் இருப்பவருக்கு அது முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். பழைய இடத்தைத் திரும்பிப் பார்க்காமல் ஓடுவதே கெட்டிக்காரத்தனம் என்று இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது தொழில் நோக்கிலும் சரியில்லை என்பதற்காகவே இதை எழுதினேன்.

வீட்டில் இருப்பவர்களையும் இதில் சேர்க்க வேண்டும். நாம் வேலை மாறும்போது பிள்ளைகளும் சிலரை இழக்கிறார்கள். என் மகன் சிறுவனாக இருந்தபோது பள்ளி விட்டதும் என் அலுவலகத்துக்கு வந்து, அந்த அக்காவின் மேசைக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவான். அவனுக்கு அவர் பெரியம்மா. நான் வேலை மாறிய பிறகு, “பெரியம்மாவுக்கு என் மேல் கோபமா? ஏன் பார்க்க வருவதில்லை?” என்று கேட்டான். நிறுவனம், நோட்டீஸ், புதிய சம்பளம் என்று எதைச் சொல்லி அவனுக்குப் புரியவைப்பது? பள்ளி விடுமுறையில் அவனை நேரே அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவ்வளவுதான், அந்தக் கேள்வி அதன் பிறகு எழவில்லை.

எல்லோராலும் இது முடியாது என்பதை நன்றாக அறிவேன். வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்கு இடைவெளி தானாக வந்து சேர்கிறது. அதில் ஒரு நாள்கூட நிம்மதி இருப்பதில்லை. கடன் தவணை கழுத்தை நெரிப்பவரிடம் சம்பளமில்லாமல் இரு வாரம் இரு என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அத்தகையவர்கள் ஒரே ஒரு நாளைக் கேட்டுப் பெற்றாலும் போதும். ஒரு நாளில் ஒருவரைப் பார்த்துவிடலாம். மற்றவர்கள் முதலில் தங்கள் விடுப்புக் கணக்கைப் பார்க்க வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1970இல் கொண்டுவந்த 132ஆம் ஒப்பந்தம், ஓராண்டுப் பணிக்குக் குறைந்தது மூன்று வாரச் சம்பள விடுப்பு வேண்டும் என்கிறது. வேலையை விட்டுப் போகிறவருக்கு மிச்சமுள்ள விடுப்பையோ அதற்குரிய பணத்தையோ தர வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. அதை ஏற்று ஒப்பமிட்ட நாடுகள் குறைவுதான். ஆனாலும் விடுப்புக்கு ஈடாகப் பணம் தரும் வழக்கம் பல நிறுவனங்களில் உண்டு. கடைசிச் சம்பளத்தோடு வரும் அந்தத் தொகை நாம் எடுக்காமல் விட்ட நாட்களின் விலை. அதை நாட்களாகவே செலவு செய்யலாம்.

கேட்கும் முறை பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சேரும் தேதியை நியமனக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பேசுங்கள். போட்ட பிறகு கேட்டால் அது சலுகை. முன்பே கேட்டால் அது பேச்சுவார்த்தையின் ஒரு பகுதி. ‘கொஞ்ச நாள் வேண்டும்’ என்று பொதுவாகச் சொல்லாமல் தேதியைச் சொல்லுங்கள். பழைய இடத்தில் பொறுப்பை ஒப்படைக்கும் வேலையை நோட்டீஸ் காலத்துக்குள்ளேயே எழுத்தில் முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த அழைப்புகள் உங்கள் இடைவெளியைத் தின்றுவிடும். நிறுவனம் எடுத்த மருத்துவக் காப்பீடு எந்த நாளில் முடிகிறது, புதியது எந்த நாளில் தொடங்குகிறது என்பதைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் முதியவர்கள் இருந்தால் இதை மறக்கவே கூடாது.

இப்போது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் நானே இருக்கிறேன். உடனே சேர முடியுமா என்று நான் யாரிடமும் கேட்பதில்லை. சேருவதற்கு முன் பார்க்க வேண்டியவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கிறேன். பலர் திகைத்துப் போய், இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். அண்மையில் ஓர் இளைஞர் மட்டும் சற்று யோசித்துவிட்டு, “என் அண்ணன் இருக்கிறார். நாங்கள் பேசிக்கொள்வதில்லை” என்றார். தேதியைத் தள்ளி எழுதிக் கொடுத்தேன். அந்த நாட்களில் அவர் பார்க்க வேண்டிய கணக்குகளை நாங்கள் இருவர் பகிர்ந்துகொண்டு, சற்று நேரம் கூடுதலாக உட்கார்ந்து முடித்தோம். எந்தக் கணக்கும் நின்றுவிடவில்லை. அண்ணனோடு என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. பணியில் சேர்ந்த அன்று, அவசரத் தொடர்புக்கு உரியவர் என்ற இடத்தில் அவர் அண்ணனின் பெயரையும் எண்ணையும் எழுதிக் கொடுத்தார். படிவத்தை வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டு, வங்கிக் கணக்கை ஒப்பிடும் வேலையிலிருந்து அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவில் பணியாற்றும் ஒரு வாசகி